மாடிவீட்டுக் கடலில் ஒரு முள்ளெலி

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த நகரம். கிழக்கே சென்னைக் கரைக்கும் மேற்கே மங்களூர்க் கரைக்கும் சாலை வழியே சென்றால் ஏறக்குறைய 350 கிலோமீட்டர். உப்புக்காற்று ஒருபோதும் எட்டாத இந்நகரின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில், நீலநிற விளக்கொளியில் மிதக்கும் சிறு கடல்கள் இன்று பல வீடுகளில் இருக்கின்றன. கப்பன் பூங்காவின் ஓரத்தில், கஸ்தூர்பா சாலையில் உள்ள அரசு மீன் காட்சியகத்தைச் சிறுவயதில் பார்த்து மயங்கியவர்கள் பின்னாளில் தம் வீட்டுக் கூடத்திலேயே தொட்டி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாங்களும் அவ்வகையினரே. எங்கள் வீட்டில் 200 லிட்டர் கொள்ளும் கண்ணாடித் தொட்டி ஒன்று ஆறாண்டுகளாக உள்ளது. அதில் மிகுந்த உழைப்பாளி யாரென்று கேட்டால், கோமாளி மீன்களை அன்று, எலுமிச்சம்பழ அளவிலுள்ள ஒரு கடல் முள்ளெலியையே காட்டுவோம்.

கடைக்காரர்கள் அதனை 'அர்ச்சின்' என்பார்கள். அந்த ஆங்கிலச் சொல்லும் பழங்காலத்தில் முள்ளெலியையே குறித்தது. உடலெங்கும் முள் கொண்ட உருண்டையைக் கண்ட மாத்திரத்தில் இரு மொழியினருக்கும் ஒரே விலங்கு நினைவில் வந்திருக்கிறது.

பாசியும் மேய்ப்பனும்

உப்புநீர்த் தொட்டி வைத்தவர் எவரும் முதலாண்டில் சந்திக்கும் பகை பாசி. பளிச்சென்ற விளக்கு, மீன்களுக்கு இடும் உணவின் மிச்சம், நீரில் கரைந்த நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஒன்றுசேர்ந்தால் பாறைகளின்மீது பச்சை மயிர்போல் பாசி படரும். கையால் பிடுங்கினால் மறுவாரம் மீண்டும் முளைக்கும். நத்தைகள் மெல்லிய படலத்தை நக்கித் தீர்க்குமேயன்றி, வேரூன்றிய பாசியைச் சுரண்டி எடுக்க முள்ளெலியைப்போல் வல்ல உயிர் வேறில்லை.

இயற்கையில் இவ்வுயிர் செய்யும் பணியின் அளவை உலகம் கரீபியக் கடலில் கற்றது. 1983-ஆம் ஆண்டு சனவரியில் பனாமாக் கரையருகே தொடங்கிய இனம் புரியாத ஒரு நோய், ஏறத்தாழ ஓராண்டுக் காலத்தில் கரீபியக் கடல் முழுவதும் பரவி, அங்கிருந்த நீண்ட முள் கொண்ட டயடெமா முள்ளெலிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவற்றை அழித்தது. மேய்வதற்கு ஆளில்லாத பவளப்பாறைகளைப் பாசி மூடியது. பல இடங்களில் பவளம் இன்றுவரை முழுமையாக மீளவில்லை. 2022-இல் அதே கடலில் மீண்டும் ஒரு பெருஞ்சாவு நிகழ, அதற்குக் காரணம் ஒற்றைச்செல் ஒட்டுண்ணி ஒன்று என அடுத்த ஆண்டே அறிஞர்கள் கண்டறிந்தார்கள். இதன் மறுபக்கமாக, ஹவாய்த் தீவில் அயல்நாட்டுக் கடற்பாசிகள் மூடிய பாறைகளைத் துப்புரவாக்க, ட்ரிப்நியூஸ்டஸ் என்னும் முள்ளெலிக் குஞ்சுகளைப் பண்ணையில் வளர்த்து அரசே கடலில் விடுகிறது. ஒரு வளைகுடாவுக்கு ஆகும் மருந்து ஒரு வீட்டுத் தொட்டிக்கும் ஆகும், அளவுதான் வேறு.

இதன் உடலமைப்பைச் சற்று அறிந்துகொண்டால் வளர்ப்பு முறையின் பாதி தானே விளங்கிவிடும். முட்தோலிகள் என்னும் கூட்டத்தைச் சேர்ந்தது இது. விண்மீன் உயிரியும் கடல் அட்டையும் இதன் உறவினர்கள். சுண்ணாம்பாலான ஓடு; அந்த ஓட்டின்மேல் குமிழ்மூட்டுகளில் பொருந்திய, எத்திசையிலும் திரும்பவல்ல முட்கள்; முட்களின் இடையே நீரின் அழுத்தத்தால் நீண்டு சுருங்கும் நூற்றுக்கணக்கான குழாய்க்கால்கள். ஒவ்வொரு குழாய்க்காலின் நுனியிலும் பற்றுவதற்கான சிறு தட்டு உண்டு. வாய் அடிப்புறத்தில் உள்ளது. ஐந்து பற்கள் கூடிய அதன் தாடையமைப்பை, கொம்புத் தகடு பொருத்திய விளக்கோடு அரிஸ்டாட்டில் ஒப்பிட்டார். அதனால் இன்றும் அதற்கு 'அரிஸ்டாட்டிலின் விளக்கு' என்றே பெயர். தேயத் தேய அப்பற்கள் வளர்ந்துகொண்டே இருக்கும். கண் என்று தனியே ஓர் உறுப்பு கிடையாது. ஆயினும் உடலின் பரப்பு முழுவதும் ஒளியை உணரும். நம் கையின் நிழல் பட்டதும் முட்கள் அத்திசை நோக்கித் திரும்புவதைக் காணலாம்.

இவ்வளவு நுட்பம் வாய்ந்த உயிருக்கு ஒரு பெருங்குறை உண்டு. தன் உடலுக்குள் உள்ள உப்பின் அளவைச் சரிசெய்துகொள்ளும் ஆற்றல் அதற்கு இல்லை. வெளிநீர் எப்படியோ உள்நீரும் அப்படியே. இதனை மறந்ததால் நாங்கள் பட்ட பாட்டைப் பின்னர்ச் சொல்வோம்.

எதனைத் தேர்வது?

கடையில் முதலில் கண்ணைக் கவர்வது கரிய நீண்ட முட்களையுடைய டயடெமா. நம் மன்னார் வளைகுடாவிலும் வாழும் டயடெமா செடோசம் இவ்வினமே. மேற்புறத்தில் ஐந்து வெண்புள்ளிகளும் நடுவில் செம்மஞ்சள் வளையமும் கொண்டது. பாசி தின்பதில் இணையற்றது. ஆனால் அதன் முட்கள் ஒரு சாணுக்கு மேலும் நீளக்கூடும். அவற்றில் நஞ்சும் உண்டு. தோலில் ஏறியதும் முறிந்து உள்ளேயே தங்கிவிடும். 400 லிட்டருக்குக் குறைந்த தொட்டியில் அதற்கு இடம் போதாது. சிறுகுழந்தைகள் உள்ள வீட்டில் அது வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

முனை மழுங்கிய தடித்த குச்சிகளைப்போல் முட்கள் கொண்ட 'பென்சில்' முள்ளெலி அழகானது. எனினும் பாசியோடு நிற்காது. பஞ்சுயிரிகளையும், வாய்ப்புக் கிடைத்தால் பவளத்தையும் கடித்துப் பார்க்கும். எக்கினோமெட்ரா என்பது பாறையைக் குடைந்து குழிக்குள் ஒடுங்கும் இயல்புடையது. மேயும் பரப்பு குறைவு. மலர்போல் விரிந்து இளஞ்சிவப்பாக மயக்கும் டாக்ஸோப்நியூஸ்டஸ் என்னும் இனத்தை எவ்விலைக்கும் வாங்கலாகாது. அதன் கொடுக்குகளின் நஞ்சு மனிதருக்கே ஆபத்தானது.

சிறு தொட்டிகளுக்கு நாங்கள் பரிந்துரைப்பது மெஸ்பிலியா குளோபுலஸ். கடைகளில் 'டக்ஸீடோ' என்று கேட்டால் தெரியும். குட்டை முட்கள், முட்களின் இடையே வெல்வெட்டுத் துணி வைத்துத் தைத்ததுபோல் நீலப் பட்டைகள். முழு வளர்ச்சியிலும் உள்ளங்கைக்குள் அடங்கும். 120 லிட்டர் முதல் உள்ள தொட்டியில் ஒன்றை மட்டும் வைக்கலாம். ட்ரிப்நியூஸ்டஸ் இனமும் நல்ல மேய்ப்பனே. ஆனால் விரைவில் பெருத்துவிடும், பெருத்தபின் அதற்குத் தீனி போடுவது நம் வேலையாகிவிடும்.

எவ்வினமாயினும் புதுத்தொட்டியில் விடுதல் தகாது. தொட்டி ஓடத் தொடங்கி ஆறு மாதமாவது கழிந்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியமாகி, பாறையில் பாசியும் இளஞ்சிவப்புச் சுண்ணாம்புப் படலமும் தோன்றிய பின்னரே இதற்கு உணவு உண்டு.

சட்டம் சொல்வது

வாசகர்களில் பலர் அறியாத ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் அட்டவணையில் 2001-ஆம் ஆண்டு பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் சேர்க்கப்பட்டன. கரும்பவளம், கடல் விசிறி, தீப்பவளம், கடற்குதிரை, கடல் அட்டை ஆகியனவும் அவ்வாறே. புலிக்குரிய காப்பு அவற்றுக்கும் உரியது. இந்தியக் கடலிலிருந்து உயிருள்ள பவளத்தையோ செத்த பவளக்கல்லையோ எடுப்பதும் விற்பதும் வாங்கி வைத்திருப்பதும் குற்றமாகும். தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையேயுள்ள 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவின் எல்லைக்குள் எவ்வுயிரையும் எடுத்துவர எவருக்கும் உரிமையில்லை. இராமேசுவரம் சுற்றுலாவின்போது கரையோரத்தில் கிடைத்தது என்று புட்டியில் அடைத்து வருவதும் இதில் அடங்கும்.

வெளிநாட்டிலிருந்து வரும் கற்பவளங்களோ சைட்டிஸ் எனப்படும் பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. 2022-இல் திருத்தப்பெற்று 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த சட்டமும், 2024 பிப்ரவரியில் வெளியான விதிகளும், அப்பட்டியலிலுள்ள உயிருள்ள விலங்குகளை வைத்திருப்போர் அரசின் இணையதளத்தில் பதிவு செய்யவேண்டும் என்கின்றன. ஆகவே கடையில் 'இந்தோனேசியச் சரக்கு' என்ற வாய்ச்சொல் போதாது. இறக்குமதி ஆவணத்தின் நகலையும் விலைப்பட்டியலையும் கேட்டுப் பெறுங்கள். தர மறுக்கும் கடையிலிருந்து வெறுங்கையோடு திரும்புவதே நலம். முள்ளெலியைக் காட்டிலும் அது மேயவேண்டிய பாறையில்தான் சிக்கல் மிகுதி; 'உயிர்ப்பாறை' என்ற பெயரில் விற்கப்படுவது உண்மையில் நம் கடலின் பவளமாகவே இருந்துவிடக்கூடும். எங்கள் தொட்டியில் இருப்பவை செயற்கைப் பீங்கான் பாறைகள். ஓராண்டில் அவையும் நிறம் மாறி, இயற்கைப் பாறையைப்போலவே ஆகிவிட்டன. முள்ளெலிக்கு வேறுபாடு தெரியவில்லை.

மீன்களைப் பொறுத்தவரை இன்று நல்ல வழியொன்று உண்டு. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம், விழிஞ்ஞம் நிலையங்களும், பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யும் முறையை வகுத்திருக்கின்றன. பண்ணையில் பிறந்த மீன் எனில் மனம் உறுத்தாது. உலர் உணவையும் தயங்காது உண்ணும்.

கடையில் நின்று பார்க்கவேண்டியவை

பெங்களூரில் சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட்டைச் சுற்றியும் வேறு சில பகுதிகளிலும் மீன் கடைகள் உள்ளன. உப்புநீர் உயிர்கள் பல சென்னைக் கொளத்தூர்ச் சந்தை வழியாகவும் இரவோடிரவாக வந்து சேர்கின்றன. வந்த அன்றே வாங்காதீர்கள். முன்பணம் கொடுத்துவிட்டு ஒரு வாரம் கடையிலேயே இருக்கட்டும் என்று சொல்லலாம். நல்ல கடைக்காரர் மறுக்கமாட்டார்.

நலமாயுள்ள முள்ளெலி கண்ணாடியையோ பாறையையோ இறுகப் பற்றியிருக்கும். முட்கள் நிமிர்ந்து நிற்கும். அருகில் கரண்டியை மெல்லக் கொண்டுசென்றால் அப்பக்கமாகச் சாயும். தொட்டியின் அடியில் மல்லாந்து கிடப்பதும், முட்கள் படுத்திருப்பதும், ஓட்டில் ஆங்காங்கே வழுக்கை தோன்றுவதும், அடியில் உதிர்ந்த முட்கள் சிதறியிருப்பதும் தீய அடையாளங்கள். தலைகீழாய்க் கவிழ்ந்தது சில நிமிடங்களில் தானே நிமிர முயலவேண்டும். அதே நீர்ச்சுற்றில் மீன்களுக்குச் செப்பு கலந்த மருந்து இடுகிறார்களா என்று கேளுங்கள். முதுகெலும்பற்ற கடல் உயிர்களுக்குச் செப்பு கொடிய நஞ்சு. மீன் மருத்துவத்துக்குப் பயன்பட்ட பழைய தொட்டியையும் பாறையையும் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கி, காரணம் அறியாமல் முள்ளெலிகளை இழந்தவர்கள் உண்டு.

இனி எங்கள் கதை. முதலில் வாங்கிய முள்ளெலி நகரின் ஒரு கடையிலிருந்து வந்தது, நலமாகவே வந்தது. அதனை அரைமணி நேரத்தில் பையிலிருந்து தொட்டிக்கு மாற்றினோம். நான்காம் நாள் இரண்டு முட்கள் மணலில் கிடந்தன. பத்தாம் நாள் ஒரு பக்கம் வழுக்கையானது. மூன்றாம் வாரம் ஓடு மட்டும் எஞ்சியது. கடைக்காரரை மனத்துக்குள் வெகுவாகத் திட்டினோம். பிறகு நண்பர் ஒருவர் ஒளிவிலகல்மானியோடு வந்து எங்கள் நீரைச் சோதித்தபோதுதான் உண்மை தெரிந்தது: 1.025 என்று நாங்கள் நம்பியிருந்த நீர் 1.021-இல் இருந்தது. நாங்கள் பயன்படுத்திய ஊசல் வகை அளவியின் முள்ளில் ஒட்டிய சிறு காற்றுக்குமிழிகள் அதனை உயர்த்திக் காட்டியிருக்கின்றன. மீன்கள் அதனைப் பொறுத்துக்கொண்டன, முள்ளெலியால் இயலவில்லை. அந்த வெற்றோடு இன்றும் எங்கள் புத்தக அலமாரியில் இருக்கிறது. ஐந்து ஐந்தாகப் பிரிந்த புள்ளிவரிசைகள் கோலம்போலத் தெரியும்.

ஆகவே, ஒளிவிலகல்மானி ஒன்றை வாங்குவது முதற்செலவாகட்டும். அதனை 35 பங்கு அளவுத்திட்ட நீரால் மாதம் ஒருமுறை சரிபார்க்கவேண்டும். புதிய முள்ளெலியை வாளியில் வைத்து, மெல்லிய குழாய் வழியே தொட்டிநீரை நொடிக்கு இரண்டு மூன்று சொட்டாக விட்டு, இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் பழக்குங்கள். கடைநீருக்கும் வீட்டுநீருக்கும் வேறுபாடு மிகுந்திருந்தால் இன்னும் நேரமெடுங்கள். நீருக்கு வெளியே தூக்காமல் ஒரு கிண்ணத்தோடு மாற்றுவது நன்று. கடைநீரைத் தொட்டியில் ஊற்றலாகாது.

தண்ணீர், மின்சாரம், கணக்கு

பெங்களூர்க் குழாயில் வருவது காவிரி. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தொரேகாடனஹள்ளியிலிருந்து அரை கிலோமீட்டர் உயரம் ஏற்றிக் கொண்டுவரப்படும் நீர். பல குடியிருப்புகளில் அதனோடு ஆழ்துளைக் கிணற்றின் கடினநீரும் கலக்கிறது. கடினத்தோடு நைட்ரேட்டும் சிலிக்காவும் வந்தால் பாசிக்கு விருந்துதான். சமையலறை ஆர்.ஓ. கருவி இதற்குப் போதாது. அதன் சுவையூட்டும் கனிமக் குப்பி நாம் நீக்க விரும்புவதையே திரும்பச் சேர்க்கும். கரித்தூள் வடிப்பான், சவ்வு, அயனி நீக்கும் பிசின் என்ற மூன்றும் கடந்து, டி.டி.எஸ். மீட்டர் சுழியம் காட்டும் நீரில்தான் கடலுப்புக் கலவையைக் கரைக்கவேண்டும்.

2024 மார்ச்சில் நகரம் தண்ணீர்ப் பஞ்சத்தால் தவித்தபோது, வாகனம் கழுவவும் தோட்டத்துக்கும் குடிநீரைப் பயன்படுத்துவோருக்கு 5,000 ரூபாய் தண்டம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. அந்நாள்களில் எங்கள் குடியிருப்புக் கூட்டத்தில் ஒரு மூதாட்டி, "உங்கள் மீனுக்கு வாரம் எத்தனை குடம்?" என்று கேட்டார். சினமில்லாமல்தான் கேட்டார், விடை சொல்ல எங்களுக்குத்தான் நா எழவில்லை. வீட்டுக்கு வந்து அளந்தோம். வாரம் 20 லிட்டர் நீர் மாற்றம், ஆவியாவதை ஈடுசெய்ய ஏறக்குறைய அதே அளவு. ஒரு லிட்டர் தூயநீருக்கு மூன்று லிட்டர் கழிவு. கூட்டினால் வாரம் 160 லிட்டர். அன்றுமுதல் கழிவுநீர் முழுவதும் பீப்பாயில் சேர்ந்து தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் போகிறது. தொட்டிக்கு மேல்மூடியும் போட்டோம். அடுத்த கூட்டத்தில் அந்த அம்மையாரிடம் கணக்கை ஒப்படைத்தோம்.

ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு அன்று என்பதையும் நினைவில் வையுங்கள். குறைந்த அளவை உப்புநீரால் நிரப்பினால் உவர்ப்பு நாளுக்கு நாள் ஏறும். தூயநீரையே, ஒருநாளும் தவறாமல், சிறுகச் சிறுக ஊற்றவேண்டும்.

பெங்களூரின் குளிர்ச்சியை நம்பிச் சில்லர் வாங்காமல் இருந்தவர்களை 2024 ஏப்ரல் ஏமாற்றியது. வெயில் 38 டிகிரியைத் தாண்டிற்று. தொட்டிநீர் 24 முதல் 26 டிகிரிக்குள் இருக்கவேண்டும். சிறு மின்விசிறி இரண்டு மூன்று டிகிரி குறைக்கும். ஆனால் ஆவியாதல் பெருகும். மின்தடையின்போது நீரோட்டப் பம்பு ஒன்றாவது இன்வெர்ட்டரில் ஓடவேண்டும். விளக்கு அணைந்தால் தீங்கில்லை, நீர் அசையாவிட்டால் உயிர்வளி தீர்ந்துவிடும்.

வங்கி இதழில் எழுதுவதால் பணக்கணக்கையும் சொல்லிவிடுகிறோம். முள்ளெலியின் விலை இதில் ஒரு பொருட்டே அன்று. லிட்டருக்கு 35 கிராம் என்று கொண்டால் வாரம் 20 லிட்டருக்கு 700 கிராம் உப்பு; ஆண்டுக்கு 36 கிலோவுக்கு மேல். பம்பு, விளக்கு, புரதம் பிரிக்கும் கருவி எல்லாம் சராசரியாக 150 வாட் எடுத்தால் மாதம் 108 யூனிட் மின்சாரம். சோதனை மருந்துகள், வடிப்பான் மாற்றம் தனி. தொட்டியைத் தவணையில் வாங்கிவிடலாம். மாதாமாதம் உண்பதைத் தவணையில் தள்ள முடியாது. ஓராண்டுச் செலவைத் தொடர் வைப்பில் முன்கூட்டியே சேர்த்துவிட்டுத் தொட்டி வாங்கிய நண்பர் ஒருவரை அறிவோம். அவருடைய தொட்டிதான் எங்கள் வட்டத்தில் அழகானது.

மேய்ச்சல் தீர்ந்தபின்

வேலையை நன்றாகச் செய்வதாலேயே பட்டினி கிடக்கும் உயிர் இது. மூன்று நான்கு மாதங்களில் பாறை வெளுத்துவிடும். நாம் மகிழ்வோம், அது மெலியும். ஓட்டுக்குள் நடப்பது வெளியே தெரியாது என்பதால் பட்டினியைக் கண்டறிவது கடினம். ஆகவே வாரம் இருமுறையாவது நோரி எனப்படும் உலர்ந்த கடற்பாசித் தாளை, உப்பும் எண்ணெயும் சேராததாக, சிறு துண்டாகக் கிழித்து முட்களின்மேல் வைக்கவேண்டும். குழாய்க்கால்கள் அதனைக் கைமாற்றிக் கைமாற்றி வாய்க்குக் கொண்டுசெல்வதைக் காண வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் கூடிவிடுவார்கள்.

ஓடும் முள்ளும் சுண்ணாம்பாலானவை என்பதால் நீரில் கால்சியம் 400 முதல் 450, காரத்தன்மை 8 முதல் 11 டி.கே.எச். அளவில் நிலைத்திருக்கவேண்டும். எண் சற்றுக் குறைந்திருந்தாலும் கேடில்லை. இன்று ஒன்றும் நாளை ஒன்றுமாய் ஊசலாடுவதே கேடு.

இது நாசூக்கு அறியாத விருந்தாளி என்பதையும் மறைக்கக்கூடாது. ஒட்டாமல் வைத்த எதனையும் தள்ளிவிட்டுப் போகும். மென்பவளத் துண்டுகளைப் பசையால் ஒட்டிவிடுங்கள். கம்பிகளை உறைக்குள் செலுத்துங்கள். அக்ரிலிக் தொட்டியானால் பல் கீறல் விழும், கண்ணாடி தாங்கும். ட்ரிகர் மீன், பேத்தை மீன், பெரிய கிளிஞ்சான் வகைகள் இதனைத் தின்றுவிடும் என்பதால் கூட வைக்கலாகாது.

முள் குத்திவிட்டால், தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை அரைமணிக்கு மேல் ஊறவைப்பது வலியைக் குறைக்கும். ஊசியால் தோண்டாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். மூட்டருகே குத்தினாலோ மூச்சு முட்டினாலோ சற்றும் தாமதிக்கலாகாது. தொட்டி வேலைக்குக் கையுறை அணிவதே முறை. நாங்கள் இரண்டாம் ஆண்டில்தான் அப்பழக்கத்துக்கு வந்தோம்.

அமெரிக்க மேற்குக் கரையின் செந்நிற முள்ளெலிகள் நூறாண்டுக்கு மேலும் வாழ்கின்றன. எங்கள் நீலப்பட்டைக்காரன் அத்தனை காலம் இருக்கப்போவதில்லை. ஆயினும் வந்து நான்காண்டு நிறைந்தது. பகலில் பாறையிடுக்கில் ஒடுங்கிக் கிடப்பான். இரவு பதினொன்றுக்கு விளக்கணைந்ததும் வெளியே வந்து, ஒரு சிப்பி ஓட்டையோ உதிர்ந்த பாசித்துண்டையோ தலையில் தூக்கிவைத்துக்கொண்டு கண்ணாடியில் ஏறுவான். அவ்வாறு மூடிக்கொள்வது ஒளியிலிருந்து காத்துக்கொள்ளவோ பகைவர் கண்ணில் படாதிருக்கவோ என்று அறிஞர்கள் பலவாறு கருதுகிறார்கள். சென்ற வாரம் எங்கள் மகள் ஊற்றிவைத்த உப்பளவு நீரின் சிறு மூடி ஒன்று தொட்டிக்குள் விழுந்து காணாமற்போயிற்று. மறுநாள் காலை அது அவன் தலையில் இருந்தது.